விறைப்பைத் தளர்த்துவது எதற்காக?

குணப்படுத்த முடியாத நோய்க்கு மருத்துவம் எதற்கு என்ற கேள்வி, மூளை சிறுகச் சிறுகச் சிதைந்துவரும் குழந்தைகளிடம்தான் மிகக் கூர்மையாக எழுகிறது. மெட்டாகுரோமாடிக் லூக்கோடிஸ்ட்ரோபி, கிராபே நோய், அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி என்று வாயில் நுழையாத பெயர்கள் கொண்ட நோய்கள் இவை. தனித்தனியே ஒவ்வொன்றும் அரிது. ஆனால் பெரும்பாலும் ஒரே வழியில் நடக்கின்றன: ஓடிய குழந்தை தடுமாறுகிறது, பேசிய குழந்தையின் சொற்கள் குறைகின்றன, விழுங்குவது சிரமமாகிறது, கை கால்கள் விறைத்து மடங்கிப்போகின்றன. மூளைச் சிதைவைத் தடுக்க மருத்துவத்திடம் இன்று பெரும்பாலும் வழி இல்லை. விறைப்பைத் தளர்த்த வழி உண்டு, ஒன்றல்ல பல. ஆகவே இந்த அத்தியாயம் முன்வைக்கும் வாதம் இது: சிதைவு நோய் உள்ள குழந்தையின் தசை விறைப்பை வேளையோடு, முனைப்போடு தணிக்க வேண்டும், எதற்காகத் தணிக்கிறோம் என்பதை அந்தக் குழந்தையின் வீடு சொல்ல வேண்டும், எந்த வழியில் என்பதை, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரத்தையும் கணக்கில் எடுத்து முடிவு செய்ய வேண்டும். கடைசிக் கூற்றைச் சோதித்துப் பார்க்க, தீபகற்ப மலேசியாவின் தென்கோடியில் சுமார் 40 லட்சம் மக்கள் வாழும் ஜொகூர் மாநிலம் பொருத்தமான களம்.

முதலில் விறைப்பு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நம் தசைகளுக்குள் தசைக்கதிர் எனப்படும் நுண்ணிய உணர்வான்கள் இருக்கின்றன. தசை சட்டென நீளும்போது அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன; தண்டுவடம் மூளையைக் கேட்காமலேயே அந்தத் தசையைச் சுருங்க வைக்கிறது. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியால் தட்டும்போது கால் துள்ளுவது இந்த அனிச்சைச் செயலால்தான். இயல்பான உடலில் மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்பிழைகள் இதை ஓயாமல் அடக்கி வைக்கின்றன. அந்த இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அழிந்தால் அடக்கும் ஆற்றல் குன்றுகிறது. சின்னத் தூண்டலுக்கும் தசை கடுமையாக இறுகிக்கொள்கிறது. ஆஸ்திரேலிய நரம்பியலாளர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் வகுத்த வரையறை இன்றும் நிற்கிறது: எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு வலுவாகத் தசை எதிர்க்கும். காரின் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென இழுத்தால் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதைப்போல. இன்னொரு பழைய சோதனையும் முக்கியம். 1898இல் இங்கிலாந்தின் உடலியலாளர் ஷெரிங்டன், மூளைத் தொடர்பு துண்டிக்கப்பட்டு விறைத்துப்போன விலங்கின் காலிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் உணர்வு நரம்பு வேர்களை வெட்டினார்; விறைப்பு மறைந்தது. அதாவது விறைப்பின் ஊற்று, தசையும் உணர்வு நரம்பும் தண்டுவடமும் சேர்ந்த ஒரு வளையத்தில் இருக்கிறது. இன்றுள்ள சிகிச்சைகள் எல்லாம் இந்த வளையத்தின் ஏதோ ஓரிடத்தில்தான் கை வைக்கின்றன.

விறைப்பை, பெரிய நோயின் சின்ன அடையாளம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில் அது தானே ஒரு நோய்போல வேலை செய்கிறது. ஓயாமல் சுருங்கும் தசை வலிக்கும். வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூங்காத குழந்தை அழும், வீடும் தூங்காது. தொடைகள் உள்நோக்கி இறுகினால் இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவும். பெருமூளை வாத நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு நழுவுகிறது என்று ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. நடக்கவே முடியாத குழந்தைகளிடம் இது மிக அதிகம். தொடை விரியாவிட்டால் பாம்பர்ஸ் மாற்றுவதே போராட்டமாகும், தோல் இடுக்குகளில் புண் வரும். முதுகு வளைந்தால் மூச்சுக்கு இடம் குறையும். கழுத்து பின்னால் விறைத்தால் ஊட்டும் கஞ்சி நுரையீரலுக்குள் போகும். பேச்சை இழந்த குழந்தையால் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. அதனால் விறைப்பு திடீரென அதிகரித்தால் நோய் முற்றிவிட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, நெஞ்செரிச்சல், கவனிக்கப்படாத எலும்பு முறிவு, இறுக்கமான காலணி ஆகிய ஒவ்வொன்றும் தண்டுவடத்தைத் தூண்டி விறைப்பைக் கூட்டும். மருந்தளவை உயர்த்துவதற்கு முன் தலை முதல் கால்வரை தேடிப் பார்ப்பதே நல்ல மருத்துவத்தின் முதல் படி. மலச்சிக்கலைச் சரிசெய்தால் தளர்ந்துவிடக்கூடிய விறைப்புக்கு மூளையை மந்தமாக்கும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது கொடுமை.

விறைப்பு மருத்துவத்தின் பெரும்பகுதி பெருமூளை வாதக் குழந்தைகளை முன்வைத்து வளர்ந்தது. ஜொகூர் பாருவில் ஸ்பாஸ்டிக் (தசை விறைப்புள்ள) குழந்தைகளுக்கென்று இயங்கும் சங்கமும், மலேசியா முழுக்கப் பரவியிருக்கும் சமூக மறுவாழ்வு மையங்களும் (1984இல் திரெங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கிய முயற்சி அது) மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் குழந்தைகளைத்தான். பெருமூளை வாதத்தில் மூளைக்கு ஒருமுறை ஏற்பட்ட காயம் அத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே அங்கே இலக்கு வளர்ச்சி: இன்று உட்கார முடியாத குழந்தை அடுத்த ஆண்டு உட்கார வேண்டும், பிறகு நிற்க வேண்டும். சிதைவு நோயில் காலம் எதிர்த்திசையில் ஓடுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012இல் வெளியிட்ட, 19 வயதுக்கு உட்பட்டோரின் விறைப்புக்கான விரிவான வழிகாட்டி, முற்றிக்கொண்டு போகாத மூளைக் கோளாறுகளுக்கு மட்டுமே உரியது என்று தன் எல்லையை வரைந்துகொள்கிறது. சிறந்த வழிகாட்டிகளில் ஒன்றிலேயே இந்தக் குழந்தைகளுக்கு இடமில்லை. கடன் வாங்கிய சிகிச்சையைக் கடன் வாங்கிய இலக்கோடு சேர்த்துக் கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். நடை திரும்பவில்லை, ஆகவே மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவுக்குக் குடும்பமும் மருத்துவரும் வந்துவிடுவார்கள். இரவில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினானா, சக்கர நாற்காலியில் அரை மணி நேரம் வலியின்றி உட்கார்ந்தாளா, குளிப்பாட்ட ஒருவர் போதுமா என்று கேட்டிருந்தால் அதே மருந்து வெற்றி பெற்றிருக்கும்.

இலக்கை இப்படி மாற்றுவது அறிவியலைத் தளர்த்துவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. தசையின் எதிர்ப்பை அளக்க 1964 முதல் ஆஷ்வொர்த் அளவுகோல் பயன்படுகிறது; மருத்துவர் மூட்டை அசைத்துப் பார்த்து எண் கொடுப்பார். அந்த எண் குறைந்தும் குழந்தையின் நாள் மாறாமல் இருக்கலாம். எண் அதிகம் குறையாமலே நாள் இலகுவாகலாம். அதனால்தான் ஆய்வாளர்களே குடும்பம் முன்கூட்டி எழுதித் தரும் இலக்குகளை அளக்கத் தொடங்கினார்கள். நெதர்லாந்தில் 36 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒரு நல்ல முன்மாதிரி. கட்டுப்பாடின்றி உடல் முறுக்கிக்கொள்ளும் வகைப் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்குப் பேக்லோஃபென் மருந்தைத் தண்டுவட நீருக்குள் செலுத்தி, போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள். முதன்மை அளவீடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்த இலக்குதான். மருந்து பெற்றவர்கள் தெளிவாக முந்தினார்கள். வலியின்றி உட்கார வேண்டும் என்பது சோதிக்கத்தக்க, தோற்கவும் கூடிய கருதுகோள். தோற்கக்கூடியது எதுவோ அதுதானே அறிவியல்.

இனி மருந்துகள். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1962இல் பேக்லோஃபெனை உருவாக்கியது வலிப்பு நோய்க்காக. வலிப்பில் அது சோபிக்கவில்லை, விறைப்பில் சோபித்தது. மூளையும் தண்டுவடமும் தம்மை அடக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் சாயலில் அமைந்தது இது. மேலிருந்து வராத அடக்குமுறையைத் தண்டுவடத்திலேயே ஓரளவு ஈடுகட்டுகிறது. வாய்வழி கொடுத்தால் சிறு பங்கே நரம்பு மண்டலத்துக்குள் நுழையும். போதிய அளவு தண்டுவடத்தை எட்டுவதற்குள் குழந்தை தூக்கத்தில் ஆழ்ந்துவிடுவதும் உண்டு. டயஸபாம் இன்னும் பழைய, இன்னும் மலிவான மருந்து. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்து 2005இல் வெளியான ஆய்வுகளை இங்கே சொல்லியாக வேண்டும். விறைப்புடன் கூடிய பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்குப் படுக்கும்முன் ஒரு வேளை டயஸபாம் கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள். விறைப்பு குறைந்தது, குழந்தைகளின் சுபாவம் இளகியது, பராமரிப்பவர்களின் சுமை தணிந்தது. பகலில் அசதி ஒரு தடையாகத் தெரியவில்லை. அமெரிக்க நரம்பியல் கழகம் 2010இல் குழந்தைகளின் விறைப்புக்கான சான்றுகளைத் தொகுத்தபோது டயஸபாமுக்கு ஆதரவாக நின்ற சான்றுகளில் இதுவும் ஒன்று. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், இரவு ஒரு மாத்திரையில் ஒரு வீடு தூங்க முடியும் என்பதைத் தமிழகத்து மருத்துவர்கள் நிறுவிக் காட்டினார்கள்.

இரண்டாவது வகை, ஊசி. பொட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்தினால், நரம்பு முனை தசைக்குச் செய்தி சொல்வது சுமார் மூன்று மாதத்துக்குத் தடைபடும். ஒன்றிரண்டு தசைகளே தொல்லை தரும்போது இதற்கு நிகரில்லை. முஷ்டி இறுகி நகம் உள்ளங்கையைக் குத்துகிறது, தொடை விரிய மறுக்கிறது என்றால் அந்த இடத்தில் மட்டும் போடலாம். உடல் முழுக்க விறைத்த குழந்தைக்கு எல்லாத் தசைக்கும் போட முடியாது. மொத்த அளவு மீறினால் நச்சு பரவி விழுங்குதலையும் மூச்சையும் தாக்கக்கூடும். 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மூன்றாவது வழி, ஷெரிங்டன் காட்டிய பாதையில் உணர்வு நரம்பு வேர்களில் சிலவற்றை வெட்டும் அறுவை சிகிச்சை. நடக்கும் வாய்ப்புள்ள பெருமூளை வாதக் குழந்தைகளுக்கு இது வரம். சிதைவு நோயில் இது பொதுவாகப் பொருந்தாது: நாளை எந்தத் தசை எப்படி மாறும் என்று தெரியாதபோது, திரும்பப் பெற முடியாத வெட்டு எதற்கு?

நான்காவது வழிதான் மிக ஆற்றல் வாய்ந்தது, மிகக் கடினமான கேள்விகளையும் எழுப்புவது. 1984இல் சிகாகோவின் ரிச்சர்ட் பென்னும் ஜெஃப்ரி குரோயினும் பேக்லோஃபெனை நேரடியாகத் தண்டுவட நீருக்குள் செலுத்தலாம் என்று காட்டினார்கள். வாய்வழி பல பத்து மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில் இங்கே சில நூறு மைக்ரோகிராம் போதும். தண்டுவடம் அமைதியடைகிறது, மூளை பெரும்பாலும் விழித்தே இருக்கிறது. வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ளங்கையில் அடங்கும் வட்டமான பம்ப் ஒன்றைப் பதிப்பார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் முதுகுக்குச் சென்று இரவும் பகலும் மருந்தைச் சொட்டும். பதிக்கும் முன் முதுகில் ஊசிவழி ஒரே ஒரு சோதனை மருந்தளவு கொடுத்து, சில மணி நேரம் குழந்தை எப்படித் தளர்கிறது என்று பார்க்கலாம். அளவை வெளியிலிருந்தே கூட்டலாம், குறைக்கலாம். நோய் மாறிக்கொண்டே போகும் குழந்தைக்கு இந்த நெகிழ்வு பெரும் நன்மை. ஆம்ஸ்டர்டாமில் மெட்டாகுரோமாடிக் லூக்கோடிஸ்ட்ரோபி உள்ள குழந்தைகளுக்கே பம்ப் பொருத்தி, வலியும் பராமரிப்புச் சிரமமும் குறைந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் தூரம் மருத்துவ உண்மையாகிறது. பம்பில் மருந்து தீருமுன் சில மாதத்துக்கு ஒருமுறை தோல்வழி ஊசியால் நிரப்ப வேண்டும். குழாய் மடங்கினாலோ நிரப்பத் தவறினாலோ மருந்து திடீரென நிற்கும். நின்றால் விறைப்பு பழைய அளவைத் தாண்டித் திரும்பும். கடும் காய்ச்சல் வரும், தசை நார்கள் சிதையும், சிறுநீரகம் செயலிழக்கும், உயிரும் போகலாம். 2002 முதல் இந்த மருந்தின் அமெரிக்கத் தகவல் தாளில் இதற்கான எச்சரிக்கை கட்டம் கட்டி அச்சாகிறது. இப்போது ஜொகூரின் வரைபடத்தைப் பாருங்கள். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனையும் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் இருக்கின்றன. மெர்சிங் அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். சிகாமட் ஏறத்தாழ 170. மரபணு நோய்களுக்கான பெரிய மையங்கள் கோலாலம்பூரில், 300 கிலோமீட்டருக்கு அப்பால். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தின் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சலும் விறைப்பும் வந்தால் முதலில் பார்ப்பவர் மாவட்ட மருத்துவமனையின் பணி மருத்துவர். இது கிருமித் தொற்றா, வலிப்பா, மருந்து நின்றதா என்று அவர் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகக் கேட்டால்தான் குழந்தை தப்பும். ஆகவே பம்ப் பொருத்தும் முடிவில் அறுவை மருத்துவரின் திறமைக்கு இருக்கும் அதே எடை, வீட்டுக்கு அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கத் திட்டத்துக்கும் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இரவு டயஸபாமும், முறையாகப் பிரித்துக் கொடுத்த வாய்வழிப் பேக்லோஃபெனும், தேவையான தசைக்கு ஊசியும் பம்பைவிடச் சிறந்த மருத்துவமாக இருக்கலாம். வாய்வழிப் பேக்லோஃபெனையும் சட்டென நிறுத்தக் கூடாது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மருந்தை மறந்துவிட்டுப் போவது சின்ன விஷயமல்ல.

எதிர்வாதங்கள் சில உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, சான்று போதாது என்பது. உண்மை: நான் மேலே சொன்ன நல்ல ஆய்வுகள் பெருமூளை வாதத்தைச் சேர்ந்தவை, சிதைவு நோய்களில் இருப்பவை சிறிய தொகுப்புகள். ஆனால் நோயாளிகள் இவ்வளவு அரிதாக இருக்கும்போது பெரிய ஆய்வுக்காகக் காத்திருப்பது, சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். வளையத்தின் இயங்குமுறை இரண்டு நோய்க்கும் ஒன்று. தனிக் குழந்தையிடம் முன்கூட்டி இலக்கு வகுத்து, குறித்த நாளில் அளந்து, பலனில்லை என்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் ஒழுங்கு இருந்தால், ஒவ்வொரு சிகிச்சையும் தானே ஒரு சிறு ஆய்வு. இரண்டாவது, விறைப்பே சில குழந்தைகளைத் தாங்கி நிற்க வைக்கிறது என்பது. இதுவும் உண்மை. தொடை விறைப்பின் பலத்தில் எழுந்து நிற்கும் குழந்தையைத் தளர்த்தினால் அடியில் இருக்கும் பலவீனம் வெளிப்பட்டு அவன் சரிந்துவிடுவான். நோயின் தொடக்கக் கட்டத்தில் குறைவாகத் தளர்த்த வேண்டும், பின்னர் தாராளமாகத் தளர்த்தலாம் என்பதே இதற்கு விடை. தளர்த்தவே வேண்டாம் என்பதல்ல.

மூன்றாவது, மருந்து குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி மூச்சைக் குறைத்துவிடும் என்ற அச்சம். டயஸபாம் உமிழ்நீரையும் சளியையும் சமாளிக்கும் ஆற்றலைக் குறைக்கும். பேக்லோஃபெனும் அசதி தரும். அளவைச் சிறிதில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். மறுபுறம், வலியில் இரவெல்லாம் கதறும் குழந்தையின் மூச்சும் பாதுகாப்பானதல்ல. நான்காவது, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போதாதா என்ற கேள்வி. நம் வீடுகளில் பாட்டிமார் கையில் இருக்கும் இந்த அறிவை இகழ வேண்டியதில்லை. மெதுவாக, வெதுவெதுப்பாக நீட்டுவது லான்ஸின் வரையறையோடு ஒத்துப்போகிறது. வெடுக்கென இழுத்து நெட்டி முறிப்பது அதே வரையறையின்படி விறைப்பைத் தூண்டும். நடக்காத குழந்தையின் மெலிந்த எலும்பை முறிக்கவும் கூடும். கை வைத்தியம் தசையை எட்டும், தண்டுவடத்தை எட்டாது; இரண்டும் சேர்ந்திருப்பதே நன்று.

கடைசி எதிர்வாதம்தான் அதிகம் பேசப்படாமல், ஆனால் அதிகம் நினைக்கப்படுவது: சில ஆண்டுகளே வாழப்போகும் குழந்தைக்கு இவ்வளவு செலவும் உழைப்பும் எதற்கு? இதே நோய்க்கு உலகம் செய்யும் மற்றொரு செலவோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகும். மெட்டாகுரோமாடிக் லூக்கோடிஸ்ட்ரோபிக்கான மரபணுச் சிகிச்சைக்கு ஐரோப்பா 2020இல் அனுமதி தந்தது. 2024இல் அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 42.5 லட்சம் டாலர். அறிகுறி தோன்றும் முன்போ, தொடங்கிய உடனேயோதான் அது முழுப் பயன் தரும். கை கால் விறைத்த பின் கண்டுபிடிக்கப்படும் குழந்தைக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஜொகூரிலும் தமிழ்நாட்டிலும் இப்படித் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் குழந்தைகளுக்கு மருத்துவம் தரக்கூடியது விறைப்பு தணிந்த உடலும் தூங்கும் இரவும்தான். மலேசியாவின் அரசு மருத்துவமனைகளில் மாற்றுத் திறனாளி அட்டை உள்ளவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. சுகாதார அமைச்சு 2019இல் வெளியிட்ட தேசிய வலி தணிப்புப் பராமரிப்புக் கொள்கை 2030 வரை திட்டமிடுகிறது. குறைவது பெரும்பாலும் பணமல்ல, ஒழுங்கு: நோய் உறுதியான அன்றே விறைப்பைப் பற்றிப் பேசுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது, மாவட்ட மருத்துவமனைக்கு எழுத்தில் திட்டம் அனுப்புவது, அம்மாவிடம் இந்த மாதம் எது கடினமாக இருந்தது என்று கேட்டு அடுத்த இலக்கை அதிலிருந்து எழுதுவது. எவ்வளவு காலம் வாழ்வான் என்பதை நோய் தீர்மானிக்கிறது. அந்தக் காலம் எப்படிக் கழியும் என்பதில் மருத்துவத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. சான்றும் மருந்தும் கையில் இருக்கும்போது அந்தப் பங்கைச் செய்யாமல் விடுவதற்கு, குணமாகாது என்பது காரணமாகாது.